பெருவிரலின் விலை

திண்டுக்கல் என்ற பெயரைக் கேட்டவுடன் பலருக்கு மலைக்கோட்டை நினைவுக்கு வரும். சிலருக்குப் பூட்டும் புகையிலையும் நினைவுக்கு வரும். அவ்வூரில் பிறந்து வளர்ந்த எனக்கோ ஒரு மனு நினைவுக்கு வருகின்றது. 1966-ஆம் ஆண்டில், பள்ளி மாணவனாக இருந்தபோது, அண்டை வீட்டார் ஒருவருக்காக என் கையால் எழுதிய மனு அது. அதனை ஒரு வழக்கறிஞர் வாங்கிப் படித்தார். படித்துவிட்டுப் பாதிக்கு மேல் அடித்துவிட்டார். அவர் அடித்த சொற்கள் யாவை, அவற்றை ஏன் அடித்தார் என்று விளக்கப் புகுந்தால் அது ஒரு நூற்றாண்டு வரலாறாக விரியும். அவ்வரலாற்றையே இன்று மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

எங்கள் ஊரின் பழைய தொழில்களுள் ஒன்று தோல் பதனிடுதல். பேகம்பூர்ப் பக்கம் சென்றால், நான் சிறுவனாக இருந்த காலத்தில், தோல் ஷாப்புகளின் வாடை தொலைவிலேயே வரவேற்கும். பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு, மயிர் நீக்கி, சதை சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய் நீரிலும் பதப்படுத்துவார்கள். குழியில் இறங்கி நிற்பவரின் கால்கள் சுண்ணாம்பில் வெந்து வெடிக்கும். சீவுகத்தி பிடிப்பவரின் விரல்கள் தழும்பேறும். பின்னர் இயந்திரங்கள் வந்தன. தழும்புகளோடு ஊனங்களும் வந்தன.

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். உறவு ஏதும் இல்லை. ஆயினும் நாங்கள் அவரைச் சித்தப்பா என்றே அழைப்போம். தோலை அழுத்தித் தேய்க்கும் உருளை இயந்திரத்தில் அவருடைய வலக்கைப் பெருவிரல் சிக்கிப் போயிற்று. புண் ஆறிய பிறகு, ஷாப்புக்காரர் அவரை அழைத்து ஐம்பது ரூபாய் கொடுத்து, ஒரு தாளில் கைந்நாட்டு வாங்கிக் கொண்டார். ஆடவருக்கு இடக்கைப் பெருவிரல் ரேகை எடுப்பது நம் நாட்டு வழக்கம். ஆகவே வலப் பெருவிரலை இழந்தவர், அதற்கு இனி எதுவும் கேட்பதில்லை என்று இடப் பெருவிரலால் ஒப்பம் வைத்தார். அதன்பின் வேலையும் போயிற்று. ஒன்றரை ஆண்டு கழிந்த பின்னர், 'அரசாங்கத்தில் கேட்டால் ஏதாவது தருவார்களாமே. ஒரு மனு எழுதிக் கொடு' என்று என்னிடம் வந்தார்.

நான் எழுதினேன். 'மகாகனம் பொருந்திய ஐயா அவர்களின் சமூகத்திற்கு' என்று தொடங்கி, 'ஏழையேன்', 'அநாதையான என் மக்கள்', 'கருணை கூர்ந்து', 'தங்கள் பாதங்களில்' என்றெல்லாம் இரண்டு பக்கம் நிரப்பினேன். அந்நாளில் மனு என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அவ்வாறு நான் நினைத்ததற்கும் காரணம் உண்டு. அது நம் நாட்டில் மிகப் பழமையானது.

பண்டைத் தமிழகத்தில் போரில் மாண்ட வீரனுடைய குடும்பத்திற்கு மன்னர் நிலம் அளித்தனர். அந்நிலத்திற்கு உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் பெயர். நெய்த்தோர் என்பது குருதி. பாளையக்காரர் காலத்திலும் இரத்த மானியம் என்ற பெயரில் இவ்வழக்கம் தொடர்ந்தது. உயர்ந்த வழக்கமே அது, ஐயம் இல்லை. ஆனால் அந்த நிலம் அரசன் மனமுவந்து கொடுத்தது. கொடாவிட்டால் கேட்பதற்கு இடம் இல்லை. வாளால் பட்ட புண்ணுக்கு மானியம் உண்டு. ஏர் பட்ட புண்ணுக்கும் உளி பட்ட புண்ணுக்கும் அதுவும் இல்லை. 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியாரின் கைக்கு மாறியது. அப்போதும் உழைப்பாளியின் ஊனத்தைப் பொறுத்தவரை நிலைமை மாறவில்லை.

கும்பெனியாரின் சொந்த நாட்டில் மட்டும் நீதி கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. 1837-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. பிரீஸ்ட்லி என்பவன் பவுலர் என்னும் இறைச்சிக் கடைக்காரரிடம் வேலை செய்தவன். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து விழுந்ததில் அவன் தொடை எலும்பு முறிந்தது. அறங்கூறும் நடுவர்களான ஜூரிகள் நூறு பவுன் கொடுக்கச் சொன்னார்கள். மேல் நீதிமன்றமோ அதனை நீக்கிவிட்டது. வேலைக்கு வந்தவன் வேலையின் ஆபத்தையும் ஏற்றுக்கொண்டே வந்தான் என்பது அதன் கருத்து. உடன் வேலை செய்பவனுடைய தவற்றால் காயம் பட்டாலும் முதலாளி பொறுப்பாகார் என்ற கொள்கை இவ்வழக்கிலிருந்து வளர்ந்தது. இக்கொள்கை பல்லாண்டு காலம் தொழிலாளியின் வாயை அடைத்தது. இந்தியாவில் 1855-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பிறர் தவற்றால் இறந்தவனுடைய குடும்பம் வழக்காட இடம் தந்தது. ஆனால் வழக்குமன்றம் ஏறி முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்க எந்தக் கூலிக்காரனுடைய குடும்பத்தால் முடியும்?

இந்நிலையில் 1884-ஆம் ஆண்டு நினைவில் நிறுத்தத்தக்கது. அவ்வாண்டில் ஜெர்மனியில் பிஸ்மார்க் விபத்துக் காப்பீட்டுச் சட்டத்தை நிறைவேற்றினார். அதே ஆண்டில், பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்னும் தொழிலாளர் தலைவர் ஆலைத் தொழிலாளரைத் திரட்டினார். ஆயிரக்கணக்கானோர் ஒப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று உருவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு வேண்டும் என்று கேட்ட அவ்விண்ணப்பம் இன்னொன்றையும் கேட்டது. வேலையில் காயமுற்றவனுக்குக் குணமாகும் வரை கூலி வேண்டும். வாழ்நாள் முழுவதும் ஊனமுற்றவனுக்குப் பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும். பெர்லினில் அமைச்சர் செய்ததைப் பம்பாயில் கூலிக்காரர் கேட்டனர். ஜெர்மனியில் அது உடனே சட்டமாயிற்று. இந்தியாவில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

1923-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் நிறைவேறியது. 1924 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படைக் கருத்து எளிது: வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் விபத்து நேர்ந்தால், தவறு யாருடையது என்று கேளாமல் முதலாளி ஈடு செய்ய வேண்டும். எவ்வளவு ஈடு என்பதற்கும் ஓர் அட்டவணை வகுத்தார்கள். வலக்கை முழங்கைக்கு மேல் போனால் உழைப்புத் திறனில் நூற்றுக்கு 70 பங்கு இழப்பு. இடக்கை போனால் 60. ஒரு கண் போனால் 30. பெருவிரல் போனால் 25. சுட்டுவிரல் போனால் 10. ஏகலைவன் இழந்த விரலுக்கு எவரும் விலை குறிக்கவில்லை. நம் நாட்டுச் சட்டமன்றம் அன்று குறித்தது. பின்னாளில் வந்த திருத்தத்தால் பெருவிரலின் பங்கு 30 ஆயிற்று.

எங்கள் ஊர்த் தொழிலுக்கு நேரே பொருந்தும் செய்தி ஒன்றும் அச்சட்டத்தில் இருந்தது. கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோய் தோலின் வழியாகவும் மயிரின் வழியாகவும் மனிதரைப் பற்றக் கூடியது. அதன் கிருமியே நோய்க்குக் காரணம் என்று ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1876-இல் நிலைநாட்டினார். தோல், மயிர், கம்பளி ஆகியவற்றைக் கையாளும் தொழிலாளிக்கு இந்நோய் வந்தால், அதனையும் விபத்தாகவே கருத வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத்திலேயே விதித்தது. இயந்திரத்தில் நசுங்கிய விரல் எல்லார் கண்ணுக்கும் தெரியும். தோலிலிருந்து உடலுக்குள் புகுந்த கிருமி தெரியாது. அதனையும் சட்டம் கண்டுகொண்டது.

விட்லி தலைமையிலான அரச ஆணைக்குழு 1931-இல் அறிக்கை தந்தது. அதனை ஒட்டி 1933-இல் சட்டம் திருத்தி விரிவாக்கப்பட்டது. உடன் வேலை செய்பவனின் தவறு என்னும் பழைய சாக்கு 1938-ஆம் ஆண்டின் முதலாளிகள் பொறுப்புச் சட்டத்தால் ஒழிந்தது. ஏட்டளவில் எல்லாம் ஒழுங்காயிற்று. ஆனால் ஏட்டில் எழுதிய உரிமை எப்படி ஒரு குடிசைக்கு வந்து சேரும்? மனு வழியாகத்தான் வந்து சேரும். மனுவை எழுதுபவர் யார்?

இனி என் மனுவுக்குத் திரும்புகின்றேன். சித்தப்பாவும் நானும் ஒரு மாலை வேளையில் அந்த வழக்கறிஞரின் வீட்டுக்குச் சென்றோம். அவர் என் இரண்டு பக்கங்களையும் பொறுமையாகப் படித்தார். பிறகு சிவப்பு மையால் 'கருணை கூர்ந்து' என்பதை அடித்தார், 'ஏழையேன்' என்பதை அடித்தார், பாதங்களையும் அடித்தார். என் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ எழுதியது அழகாகவே இருக்கிறது. ஆனால் விபத்து எந்தத் தேதியில் நடந்தது என்று இதில் இல்லை. அவருக்கு மாதக் கூலி எவ்வளவு என்று இல்லை. எந்த விரல் என்றுகூட இல்லை. கருணை கேட்பவனுக்குத் தேதி வேண்டாம். கடன் கேட்பவனுக்குத் தேதி வேண்டும். இவருக்கு வர வேண்டியது கடன்" என்றார்.

அதன்பின் அவர் கேட்ட கேள்விகள் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றன. எந்த நாள், எந்த நேரம்? எந்த இயந்திரம்? பக்கத்தில் நின்றவர் யார்? முதலாளிக்கு எப்போது தெரியும்? எந்த மருத்துவர் பார்த்தார்? சீட்டு இருக்கிறதா? கடைசியாகப் பெற்ற கூலி என்ன? சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். ஒன்றரை ஆண்டாக அவரிடம் எவரும் அவற்றைக் கேட்டதில்லை. கடைசியில், "ஐம்பது ரூபாய் வாங்கி ரேகை வைத்துவிட்டேனே, ஐயா" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அங்கேதான் சட்டத்தின் நுட்பத்தை முதன்முதலாகக் கண்டேன். நஷ்ட ஈட்டைக் குறித்து முதலாளியும் தொழிலாளியும் உடன்பாடு செய்துகொண்டால், முதலாளி அதனை நஷ்ட ஈட்டு ஆணையருக்கு அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்றோ, ஏமாற்றியோ வற்புறுத்தியோ பெறப்பட்டது என்றோ கண்டால், ஆணையர் பதிவு செய்ய மறுக்கலாம். முதலாளி அனுப்பாமலே வைத்திருந்தாலோ, சட்டப்படியான முழுத் தொகையும் கொடுக்க வேண்டும். முன்பு கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும், ஆணையர் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, அவருக்கு உரிமை இல்லை. சட்டம் தரும் உரிமையைத் தொழிலாளி தானே எழுதிக் கொடுத்துவிட்டாலும் அந்த எழுத்து செல்லாது. இவ்விதிகளை வகுத்தவர்கள், என்றோ ஒரு நாள் ஏதோ ஓர் ஊரில், ஓர் இடப் பெருவிரல் ஒரு தாளில் அழுத்தப்படும் என்பதை முன்னரே அறிந்திருந்தார்கள் போலும்!

மனு தர அன்று சட்டம் கொடுத்திருந்த காலம் இரண்டு ஆண்டுகள். எங்களுக்கு ஆறு மாதங்களே மிஞ்சியிருந்தன. புதிய மனு ஒரு பக்கத்தில் முடிந்தது. அதில் அழுகை இல்லை; நாள், இடம், கூலி, விரல், பிரிவு எண் ஆகியவை இருந்தன. விசாரணை சில மாதங்கள் நடந்தது. அட்டவணைப்படி கணக்கிட்ட தொகை வந்தது. பெருந்தொகை என்று சொல்வதற்கில்லை. சித்தப்பா திண்ணையில் ஒரு பெட்டிக்கடை வைத்தார். எவரேனும் அதைத் தருமப் பணம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "தருமம் இல்லை, என் விரல்" என்பார்.

நம் ஊர்களில் வக்கீல் என்றாலே செலவு, அலைச்சல் என்ற அச்சம் உண்டு. அதனைக் காரணமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் ஏழையின் வழக்கில் வழக்கறிஞர் செய்யும் முதல் வேலை மொழிபெயர்ப்பே ஆகும். துன்பத்தை அவர் சட்டத்தின் மொழியில் பெயர்க்கிறார். நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, பிற்காலத் திருத்தங்களோடு, தொழிலாளியின் சார்பில் வழக்கறிஞரோ, பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் அலுவலரோ ஆணையர் முன் தோன்றலாம் என்று இடம் தந்தது. திண்டுக்கல்லில் வழக்கறிஞராகத் தொழில் செய்த டி. செல்வராஜ் இங்கு நினைக்கத்தக்கவர். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அவர், எங்கள் ஊர்த் தோல் தொழிலாளரின் வாழ்வையும் அவர்கள் சங்கம் கண்டதையும் 'தோல்' என்னும் நாவலாக எழுதினார். அதற்கு 2012-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவர் 2019-இல் மறைந்தார். சுண்ணாம்புக் குழியில் நின்றவர்கள் நீதிமன்ற மொழியிலும் பேசப்பட்டார்கள்; இலக்கிய மொழியிலும் பேசப்பட்டார்கள். இரண்டையும் ஒருவரே செய்தது எங்கள் ஊருக்குப் பெருமை.

அட்டவணை ஒரு கணக்கு. மனித வாழ்வு அக்கணக்கில் அடங்குவதில்லை. இதனை உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் காட்டியது. 1968-இல் ஒரிசாவில் ஒரு தச்சர் வேலையின் போது கீழே விழுந்து, இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்தார். ஒரு கைதானே போயிற்று, இது பகுதி ஊனமே என்று முதலாளி வாதித்தார். 1975 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் அடங்கிய ஆயம் அதனை ஏற்கவில்லை. தச்சு வேலையை ஒற்றைக் கையால் செய்ய இயலாது. ஆகவே தச்சருக்கு அது முழு ஊனமே என்பது தீர்ப்பின் சாரம். விபத்து நேர்ந்த நாளிலேயே ஈடு கொடுக்க வேண்டிய கடமை பிறந்துவிடுகின்றது என்றும் நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கறிஞர் 'கடன்' என்று சொன்ன சொல்லின் பொருள் எனக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது.

இனி அரசாங்கத்தின் கடமைக்கு வருவோம். நஷ்ட ஈடு முதலாளி கொடுப்பது. முதலாளியே இல்லாதவருக்கு யார் கொடுப்பார்? பிறவியிலேயே பார்வை இல்லாதவர், இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர், கிணறு வெட்டும்போது தன் சொந்த நிலத்தில் கால் இழந்த உழவர் ஆகியோர் எங்கே செல்வார்கள்? 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு இதற்கு விடை கூறுகின்றது. வேலையின்மை, முதுமை, நோய், ஊனம் ஆகிய நிலைகளில் அரசு தன் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு உதவ வேண்டும் என்பது அதன் கருத்து. ஆலைத் தொழிலாளருக்கு 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் அத்திட்டம் தொடங்கியது; 1955-இல் கோவைக்கு வந்தது. நம் மாநிலத்தில் 1962 ஏப்ரலில் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை தொடங்கியது. 1974 நவம்பரில் ஆதரவற்ற உடல் ஊனமுற்றோருக்கும் தனியே உதவித்தொகை ஏற்பட்டது.

1995-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஊனமுற்றோருக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. அது ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவ்வெண்ணை 21 ஆக்கியது. முந்திய சட்டத்தின் நீண்ட பெயரில் அடைப்புக்குறிக்குள் இருந்த 'உரிமைகள்' என்ற சொல் பிந்திய சட்டத்தின் பெயரில் முதன்மை இடம் பெற்றது. ஒரு சொல் அடைப்புக்குறியை விட்டு வெளியே வருவதற்கு இருபத்தோர் ஆண்டுகள் ஆயின! இன்று நூற்றுக்கு 40 பங்கும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாக மருத்துவச் சான்று பெறுவது பல சலுகைகளுக்கு வாயிலாக உள்ளது. அச்சான்று பற்றிய முடிவில் குறை கண்டால் மேல்முறையீடு செய்யவும் சட்டம் வழி தருகின்றது. மறுப்புக் கடிதம் வந்தவுடன் அதுவே முடிவு என்று வீட்டில் முடங்கிவிடுவோர் இதனை அறிய வேண்டும்.

நூறாண்டு வாழ்ந்த நஷ்ட ஈட்டுச் சட்டமும் பெயரும் உருவும் மாறியது. 2010 முதல் அது பணியாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் எனப்பட்டது. நஷ்ட ஈடு பெறும் உரிமை உனக்கு உண்டு என்று பணியாளருக்கு முதலாளியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2017-இல் சேர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கிவிட்டன. எனினும் விரலுக்கும் கண்ணுக்கும் பங்கு குறிக்கும் அட்டவணை அங்கும் தொடர்கின்றது.

மனு எழுதுபவர் யார் என்று முன்னர்க் கேட்டேன். அக்கேள்விக்கும் நாடு மெல்ல மெல்ல விடை கண்டது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் அமைந்த குழு 1973-இல் சட்ட உதவி பற்றி அறிக்கை தந்தது. 1976-இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம் 39-அ என்னும் பிரிவைச் சேர்த்து, வறுமையின் காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்று ஆணையிட்டது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி மாற்றுத்திறனாளிகளும் தொழிற்சாலைத் தொழிலாளரும், வருமான வரம்பு பாராமல், கட்டணமின்றி வழக்கறிஞரின் உதவியைப் பெறலாம். மாவட்டந்தோறும் இதற்கென ஆணையம் உண்டு, திண்டுக்கல்லிலும் உண்டு. 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினாலும் வழி சொல்வார்கள். சித்தப்பாவும் நானும் ஓர் நல்ல மனிதரின் வீட்டுத் திண்ணையைத் தேடி அலைந்தோம். இன்று அத்திண்ணையை அரசே கட்டி வைத்திருக்கின்றது. அங்கு ஏறிச் செல்ல வேண்டும் என்பதைத்தான் இன்னும் பலர் அறியவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களிடமும் ஒரு நாள் யாரேனும் வந்து, 'ஒரு மனு எழுதிக் கொடு' என்று கேட்பார்கள். எழுத்தறிந்தவரிடம் எழுதாதவர் வந்து கேட்பது நம் தெருக்களில் இன்றும் நடக்கின்றது. இணையத்தில் விண்ணப்பிக்கும் இக்காலத்திலும் அந்தப் படிவத்தை யாரேனும் ஒருவர் நிரப்பித்தான் தர வேண்டியிருக்கிறது. அப்பொழுது முதலில் தேதியைக் கேளுங்கள், கூலியைக் கேளுங்கள், மருத்துவச் சீட்டைக் கேளுங்கள், எந்தத் தாளிலாவது ரேகை வைத்தாரா என்பதையும் மறவாமல் கேளுங்கள். பின்பு அவரை அழைத்துக்கொண்டு சட்டப் பணிகள் ஆணையத்திற்குச் செல்லுங்கள்.

சிவப்பு மை பட்ட அந்த இரண்டு பக்கங்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அடிபடாமல் எஞ்சிய சொற்கள் மிகச் சில: சித்தப்பாவின் பெயர், எங்கள் தெருவின் பெயர், 'வேண்டும்' என்ற வினைச்சொல். மனுவுக்கு அவை போதும் என்று அந்த வழக்கறிஞர் சொன்னார்.